பழைய கணிப்பொறியை எழுப்புவது எப்படி?

தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணிப்பொறி வழங்கும் திட்டத்தை 2011 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கியது. எல்காட் நிறுவனத்தின் வழியாக வாங்கப்பட்ட அந்தப் பொறிகள் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் படித்த லட்சக்கணக்கான மாணவர்களின் கைக்கு வந்தன. திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள ராதாபுரம் வட்டமும் அதற்கு விலக்கன்று. வள்ளியூரிலும் பணகுடியிலும் கூடங்குளத்திலும் எத்தனையோ வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணிப்பொறி அதுதான். அன்று பிளஸ் டூ படித்தவர்கள் இன்று முப்பது வயதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களுடைய அண்ணன், அக்காள் பிள்ளைகள் இப்போது பள்ளிக்குப் போகிறார்கள். பொறி மட்டும் அலமாரியின் மேல்தட்டில் தூசி படிந்து கிடக்கிறது.

அதை எடுத்துத் துடைத்து மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் திரை ஒளிரும், விசிறி சுழலும், நிறுவனத்தின் பெயர் தோன்றும். பிறகு, 'இயக்க முறைமை காணப்படவில்லை' என்று பொருள்படும் ஓர் ஆங்கில வரி வந்து நின்றுவிடும். அல்லது நீலத்திரை ஒன்று தோன்றி, பொறி தானாகவே அணைந்து மீண்டும் எழும். கணிப்பொறிக் கடைக்காரரிடம் கொண்டுபோனால், "ஓ.எஸ். போடணும்" என்பார். டி.வி.டி. தட்டு சுழலும் பெட்டி பழுதாகியிருந்தால், ஒரு பென்டிரைவைச் செருகி வேலையைத் தொடங்குவார்.

அந்தப் பென்டிரைவுக்குள் என்ன இருக்கிறது? சாதாரணப் பென்டிரைவுக்கும் அதற்கும் என்ன வேறுபாடு? பழைய விண்டோஸை ஒரு பொறி ஏற்றுக்கொள்வதும் மற்றொரு பொறி மறுப்பதும் ஏன்? ஏற்றுக்கொண்டாலும் அதைப் போடுவது நல்லதுதானா? இவற்றைத் தெரிந்துகொண்டால் அந்த வேலையை நீங்களே செய்துவிடலாம். தெரியாமல் செய்தால், பத்தாண்டுக்கு முன் எடுத்த குடும்பப் படங்களும் சான்றிதழ் நகல்களும் ஒரே நொடியில் அழிந்துபோகலாம்.

விசையை அழுத்தியதும் நடப்பது

கணிப்பொறியின் மூளை எனப்படும் மையச் செயலகம் ஆணைகளை நினைவகத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து நிறைவேற்றும். ஆனால் மின்சாரம் நின்றவுடன் நினைவகம் துடைத்த பலகைபோலக் காலியாகிவிடுகிறது. ஆகவே விசையை அழுத்தும்போது அதில் ஆணை எதுவும் இல்லை. ஆணைகள் வன்தட்டில் உறங்குகின்றன. அவற்றை நினைவகத்துக்குக் கொண்டுவரவேண்டும். கொண்டுவரும் வேலைக்கும் ஓர் ஆணைத்தொடர் வேண்டும். அதுவும் நினைவகத்தில் இல்லை! முட்டை முதலா, கோழி முதலா என்னும் கதைதான்.

தான் அணிந்திருக்கும் பூட்சின் வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்ள முயல்பவனைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. கணிப்பொறி தன்னைத் தானே எழுப்பிக்கொள்ளும் இந்தச் செயலுக்கு அதிலிருந்துதான் 'பூட்' என்னும் பெயர் வந்தது. 1975இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஆல்ட்டேர் 8800 என்னும் பொறியில் இந்த முதல் ஆணைகளை மனிதரே கொடுக்கவேண்டியிருந்தது. முகப்பிலுள்ள சிறு விசைகளை மேலும் கீழும் தட்டித் தட்டி ஒவ்வோர் எண்ணாக ஏற்றுவார்கள். ஒன்று தவறினாலும் மறுபடி முதலிலிருந்து!

1981 ஆகஸ்டில் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் இந்த வேலையை ஒரு சில்லு ஏற்றுக்கொண்டது. மின்சாரம் போனாலும் அழியாத அந்தச் சில்லில் பதிந்துள்ள நிரலுக்குப் பயாஸ் என்று பெயர். விசையை அழுத்தியதும் மையச் செயலகம் ஒரு குறிப்பிட்ட முகவரியைத் தேடிப் போகும். அங்கே பயாஸ் காத்திருக்கும். அது நினைவகம், விசைப்பலகை, திரை ஆகியவற்றைச் சோதித்துவிட்டு, வன்தட்டின் முதல் துண்டைப் படித்து நினைவகத்தில் வைக்கும். பிறகு பொறுப்பை அதனிடம் ஒப்படைக்கும். அந்தச் சிறு துண்டு சற்றுப் பெரிய நிரலை ஏற்றும். அது இயக்க முறைமையின் மையப் பகுதியை ஏற்றும். மையப் பகுதி மற்ற யாவற்றையும் ஏற்றும்.

ராதாபுரத்து உழவர்களுக்கு இது புதிதன்று. தாமிரபரணி பாயும் மாவட்டத்தில் இருந்தாலும் அவர்கள் வயலுக்கு அந்த ஆறு வருவதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் நீர் கால்வாய்க்குக் கால்வாய் கைமாறி, தோவாளைக் கால்வாய்க்கு வந்து, அதன்பின் ராதாபுரம் கால்வாயில் இறங்கிக் கடைமடைக்குப் போய்ச் சேரவேண்டும். அணையில் நீர் நிறைந்திருந்தாலும் இடையில் ஒரு மதகு திறக்கவில்லையென்றால் கடைமடை வயல் காய்ந்துதான் கிடக்கும். கணிப்பொறியிலும் அப்படியே. ஒவ்வொரு நிரலும் தனக்கு அடுத்ததை மட்டுமே எழுப்பும். எந்த இடத்தில் சங்கிலி அறுந்தது என்று கண்டுகொள்வதில்தான் பழுதுபார்ப்பவரின் திறமை இருக்கிறது.

முதல் 512 பைட்டுகள்

விண்டோஸ் நிறுவுவதற்கான கோப்பு இணையத்தில் ஐ.எஸ்.ஓ. என்னும் ஒரே பெரிய கோப்பாகக் கிடைக்கும். ஒரு டி.வி.டி. தட்டின் முழு உள்ளடக்கமும் அதனுள் அடங்கியிருக்கும். இதைப் பாட்டுக் கோப்பை நகலெடுப்பதுபோலப் பென்டிரைவில் போட்டு வைத்தால் பொறி எழுமா? எழாது. ஏன் என்று பாருங்கள்.

பழைய முறையில் பயாஸுக்குக் கோப்பு என்றால் என்னவென்றே தெரியாது. பெயரைச் சொல்லி ஒரு கோப்பைத் திறக்க அதற்கு இயலாது. அதற்குத் தெரிந்ததெல்லாம், தட்டின் முதல் துண்டைப் படிப்பது ஒன்றுதான். அந்தத் துண்டின் அளவு 512 பைட்டு. இதில் 446 பைட்டுகளில் பூட் நிரல் இருக்கும். அடுத்த 64 பைட்டுகளில் தட்டு எத்தனை பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்னும் அட்டவணை இருக்கும். ஒரு பகுதிக்கு 16 பைட்டு வீதம் நான்கு பகுதிகள். கடைசி 2 பைட்டுகளில் 85, 170 என்னும் இரண்டு எண்கள் முத்திரைபோலப் பதிந்திருக்கும். முத்திரை இருந்தால்தான் பயாஸ் அதைப் பூட் செய்யத்தக்க தட்டு என்று ஏற்கும்; இல்லையென்றால் அடுத்த தட்டைத் தேடிப் போய்விடும்.

பென்டிரைவைப் 'பூட்டபிள்' ஆக்குவது என்பது இந்த முதல் துண்டை முறைப்படி எழுதி, தட்டைப் பகுதி பிரித்து, ஐ.எஸ்.ஓ.வின் உள்ளே இருக்கும் கோப்புகளை வெளியே எடுத்து அதில் பரப்பி வைப்பதாகும். ரூஃபஸ் போன்ற இலவச நிரல்கள் இந்த மூன்று வேலைகளையும் சேர்த்தே செய்கின்றன. அப்போது பென்டிரைவில் முன்பிருந்தவை யாவும் அழிந்துவிடும் என்பதை மறக்கவேண்டாம்.

பிற்காலத்துப் பொறிகளில் பயாஸுக்குப் பதிலாக யூ.இ.எஃப்.ஐ. என்னும் முறை வந்துவிட்டது. இதற்குக் கோப்பு என்றால் தெரியும். பென்டிரைவில் குறிப்பிட்ட உறையில் குறிப்பிட்ட பெயருள்ள பூட் கோப்பு இருக்கிறதா என்று பார்த்து, அதையே இயக்கும். மேலும் 'செக்யூர் பூட்' என்னும் காவலும் இதில் உண்டு. நம்பத்தக்க கையொப்பம் இல்லாத பூட் கோப்பை அது உள்ளே விடாது. விண்டோஸ் 7 இந்தக் காவலுக்கு முந்தைய காலத்தது. எனவே யூ.இ.எஃப்.ஐ. உள்ள பொறியில் அதைப் போட விரும்புபவர், அமைப்புப் பக்கத்தில் செக்யூர் பூட்டை நிறுத்தி, 'லெகசி' எனப்படும் பழைய முறையை இயக்கவேண்டும். அந்தப் பழைய முறையே நீக்கப்பட்ட பொறிகளும் இப்போது வருகின்றன. அவற்றில் விண்டோஸ் 7ஐ நிறுவ முயல்வது வீண்வேலை.

பாதி வழியில் காணாமற்போகும் பென்டிரைவ்

இனி வருவது இந்த வேலையில் பலரையும் திகைக்க வைக்கும் இடம். பென்டிரைவிலிருந்து பொறி எழுகிறது. விண்டோஸ் 7இன் வண்ணப்படம் தோன்றுகிறது. மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. ஆனால் விசைப்பலகையும் எலியும் அசைய மறுக்கின்றன. அல்லது, 'தேவையான டிரைவர் காணப்படவில்லை' என்று ஒரு பெட்டி தோன்றுகிறது. பென்டிரைவிலிருந்துதானே இவ்வளவு தூரம் வந்தோம். இப்போது அந்தப் பென்டிரைவே இல்லை என்றால் என்ன பொருள்?

விடை கைமாற்றத்தில் இருக்கிறது. தொடக்கத்தில் பென்டிரைவைப் படித்தது பயாஸ். அது விண்டோஸின் சிறு தொகுப்பு ஒன்றை நினைவகத்தில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. அதன்பின் விண்டோஸின் மையப் பகுதி விழித்தெழுந்து எல்லாக் கருவிகளையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது. நிறுவவேண்டிய பெரிய தொகுப்பு இன்னும் பென்டிரைவில்தான் இருக்கிறது. அதை இப்போது விண்டோஸே தன் சொந்த முயற்சியில் படிக்கவேண்டும். அதற்கு யூ.எஸ்.பி. வாயிலோடு பேசத் தெரிந்த டிரைவர் நிரல் வேண்டும்.

யூ.எஸ்.பி. 3.0 என்னும் வேகமான முறைக்கான விதிகள் 2008 நவம்பரில் வெளியாயின. விண்டோஸ் 7 கடைக்கு வந்தது 2009 அக்டோபர் 22இல். அதனுள் யூ.எஸ்.பி. 2 வரைக்குமான டிரைவர்களே வைக்கப்பட்டிருந்தன. யூ.எஸ்.பி. 3 டிரைவர் 2012இல் வந்த விண்டோஸ் 8இல்தான் உடன்பிறப்பாக வந்தது. ஆகவே யூ.எஸ்.பி. 3 வாயிலில் பென்டிரைவைச் செருகினால், பயாஸ் விலகிய அந்த நொடியில் விண்டோஸ் 7இன் கண்ணுக்கு அது மறைந்துவிடும்.

இதற்கு மருந்து பொறியின் வயதைப் பொறுத்தது. 2011, 2012 ஆகிய ஆண்டுகளில் வந்த பொறிகளில் பெரும்பாலும் யூ.எஸ்.பி. 2 வாயில் உண்டு. வாயிலுக்குள் தெரியும் நாக்கு கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் அது 2, நீலமாக இருந்தால் 3. கறுப்பில் செருகினாலே சிக்கல் தீரும். 2015இல் வெளிவந்த 6ஆம் தலைமுறை இன்டெல் செயலகங்களுக்கான பலகைகளிலோ, எல்லா வாயில்களையும் யூ.எஸ்.பி. 3 கட்டுப்படுத்தியே மேய்க்கிறது. அங்கே நிறம் பார்த்துப் பயனில்லை. யூ.எஸ்.பி. 3 டிரைவரை முன்கூட்டியே நிறுவல் தொகுப்புக்குள் நுழைத்துத் தைக்கவேண்டும். தாய்ப்பலகை நிறுவனங்கள் சில இதற்கென்றே தனி நிரல்களை வெளியிட்டன.

இன்னும் பழைய விண்டோஸ் எக்ஸ்.பி.யின் கதையும் இதுவே. அது 2001இல் வந்தது. சாட்டா வன்தட்டுகளோடு ஏ.ஹெச்.சி.ஐ. என்னும் புதிய முறையில் பேச அதற்குத் தெரியாது. புதிய பொறியில் அதை நிறுவ முயன்றால் 7பி என்னும் பிழை எண்ணோடு நீலத்திரை தோன்றும். அமைப்புப் பக்கத்தில் வன்தட்டின் முறையை 'ஐ.டி.இ.' என்று மாற்றினால் சில பொறிகளில் வழி பிறக்கும். அன்றைய வழக்கப்படி எஃப்6 விசையை அழுத்தி ஃபிளாப்பித் தட்டிலிருந்து டிரைவரை ஊட்டவேண்டும். ஃபிளாப்பிக்கு இன்று எங்கே போவது? பென்டிரைவிலிருந்து எக்ஸ்.பி.யை நிறுவ மைக்ரோசாஃப்ட் வழிசெய்யவும் இல்லை. பிறர் எழுதிய நிரல்களால்தான் அது இயன்றது.

இதிலிருந்து ஒரு விதியைப் பிடித்துக்கொள்ளலாம். தான் பிறந்த காலத்தில் இருந்த கருவிகளைத்தான் ஓர் இயக்க முறைமை அறியும். பொறியும் முறைமையும் ஏறத்தாழ ஒரே வயதினவாக இருந்தால் நிறுவுவது எளிது. வயது விலக விலக, டிரைவர்களைத் தேடி அலையவேண்டியிருக்கும்.

செய்முறை

இனி வேலைக்கு வருவோம். 2011, 2012இல் வந்த ஒரு மடிக்கணிப்பொறியில் விண்டோஸ் 7 நிறுவுவதாக வைத்துக்கொள்வோம்.

1. முதலில் உள்ளே இருப்பதைக் காப்பாற்றுங்கள். விண்டோஸ் எழவில்லை என்பதற்காகக் கோப்புகள் போய்விட்டன என்று எண்ணவேண்டாம். லினக்ஸ் வகைகள் பலவற்றை வன்தட்டில் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே இயக்கலாம். அப்படி இயக்கி, வன்தட்டைத் திறந்து, படங்களையும் ஆவணங்களையும் வேறொரு தட்டில் நகலெடுங்கள். நகலெடுத்தவற்றை வேறு கணிப்பொறியில் திறந்து பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். இதை முடிக்காமல் அடுத்த படிக்குப் போகக்கூடாது.

2. பொறியின் அடிப்புறத்தில் விண்டோஸ் ஒட்டுத்தாள் இருக்கிறதா என்று பாருங்கள். அதிலுள்ள 25 எழுத்துக்குறி கொண்ட உரிம எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் பதிப்புக்கு உரிமம் இருக்கிறதோ அதே பதிப்பைத்தான் நிறுவவேண்டும். உரிமம் இல்லாத 'கிராக்' பதிப்புகளைத் தொடவேண்டாம். அவற்றோடு நச்சுநிரலும் சேர்ந்து வருவது வழக்கம்.

3. ஐ.எஸ்.ஓ. கோப்பு பழுதின்றி வந்ததா என்று சோதியுங்கள். கோப்பிலிருந்து ஷா-256 என்னும் கணக்கின்படி 64 குறிகள் கொண்ட ஒரு கைரேகையை எடுக்கலாம். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் கைரேகை அடியோடு மாறிவிடும். வெளியிட்டவர் அறிவித்த கைரேகையோடு இது ஒத்திருந்தால் மட்டுமே பயன்படுத்துங்கள்.

4. நினைவகம் 2 ஜி.பி. என்றால் 32 பிட் பதிப்பே போதும். இவ்வகை முறைமை 2இன் 32ஆம் அடுக்கு, அதாவது 4 ஜி.பி. அளவு வரையிலான முகவரிகளைக் கையாளும். 4 ஜி.பி.யும் அதற்கு மேலும் உள்ள பொறிக்கு 64 பிட் பொருந்தும்.

5. 8 ஜி.பி. பென்டிரைவை எடுத்து, ரூஃபஸில் ஐ.எஸ்.ஓ.வைத் தேர்ந்தெடுங்கள். பகுதி முறை எம்.பி.ஆர்., இலக்கு பயாஸ் என்று அமையுங்கள். எந்தத் தட்டில் எழுதப்போகிறது என்பதைப் பெயரையும் அளவையும் வைத்து இருமுறை பாருங்கள். வேறு பென்டிரைவுகள் செருகியிருந்தால் கழற்றிவிடுவது நல்லது.

6. வேறு கணிப்பொறியில் இருக்கும்போதே பழைய பொறிக்குரிய வைஃபை டிரைவரைத் தயாரிப்பாளரின் பக்கத்திலிருந்து எடுத்து அதே பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் புதிதாக ஏறியபின் இணையம் வராது. இணையம் இல்லாமல் டிரைவரை எடுக்கவும் முடியாது. இந்தப் பொறியில் பலர் சிக்கியிருக்கிறார்கள்.

7. பழைய மின்கலம் பெரும்பாலும் உயிரற்றிருக்கும். நிறுவும் நடுவில் மின்சாரம் போனால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். இன்வெர்ட்டர் இணைப்புள்ள இடத்தில் அமருங்கள்.

8. பென்டிரைவைக் கறுப்பு வாயிலில் செருகி, பொறியை எழுப்பி, உடனே பூட் பட்டியலுக்கான விசையைத் தட்டுங்கள். எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள்.

9. 'கஸ்டம்' என்னும் வழியில் சென்றால் வன்தட்டின் பகுதிகள் வரிசையாகத் தோன்றும். பழைய விண்டோஸ் இருந்த பகுதியை மட்டும் ஃபார்மட் செய்யுங்கள். மற்றப் பகுதிகளில் கைவைக்கவேண்டாம். எது எது என்று தெரியாவிட்டால் அளவைப் பார்த்து அறியலாம். அப்போதும் ஐயம் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

10. பாதியில் பொறி தானாக ஒருமுறை அணைந்து எழும். அப்போது மீண்டும் பென்டிரைவிலிருந்து எழுப்பக்கூடாது. எழுப்பினால் நிறுவல் முதலிலிருந்து தொடங்கும்; எத்தனை முறை செய்தாலும் முடியாது. வன்தட்டிலிருந்து எழவிட்டால் வேலை தானே தொடர்ந்து முடியும்.

எழுந்தபின் எதிர்ப்படும் ஆபத்து

பொறி எழுந்துவிட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் உடனே அதை இணையத்தில் இணைத்து வங்கிக் கணக்கைத் திறக்கலாமா?

எந்த இயக்க முறைமையும் ஓட்டையின்றிப் பிறப்பதில்லை. ஓட்டை தெரிய வரும்போதெல்லாம் தயாரிப்பாளர் ஒட்டுப்போட்டு அனுப்புவார். விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு இந்த ஒட்டு 2014 ஏப்ரல் 8இல் நின்றது. விண்டோஸ் 7க்குக் கட்டணமில்லா ஒட்டு 2020 ஜனவரி 14இல் நின்றது. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14இல் பொதுவான ஆதரவு முடிந்தது. அதன்பின் கண்டறியப்படும் ஓட்டை திறந்தே கிடக்கும்.

இதன் விளைவை உலகம் 2017 மே 12இல் கண்டது. வான்னாக்ரை என்னும் நச்சுநிரல் விண்டோஸின் கோப்புப் பகிர்வில் இருந்த ஓர் ஓட்டையின் வழியே பொறிக்குப் பொறி தானாகவே தாவிப் பரவியது. கோப்புகளைப் பூட்டிவைத்துக்கொண்டு பணம் கேட்டது. 150 நாடுகளில் லட்சக்கணக்கான பொறிகள் முடங்கின. பிரிட்டனில் மருத்துவமனைகளே நோயாளிகளைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. இதில் கவனிக்கவேண்டியது ஒன்று. அந்த ஓட்டைக்கான ஒட்டினை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாத பொறிகளே பாதிக்கப்பட்டன. பழைய பென்டிரைவிலிருந்து இன்று நிறுவப்படும் விண்டோஸ் 7, அந்த ஒட்டு வருவதற்கு முந்தைய நிலையில்தான் கண் விழிக்கிறது!

வேறு சிறு தொல்லைகளும் உண்டு. இணையப் பக்கங்கள் தம்மை மெய்ப்பிக்கக் காட்டும் சான்றிதழ்களுக்குக் காலக்கெடு உண்டு. பழைய முறைமையிடம் உள்ள சான்றிதழ்ப் பட்டியல் பழையது. எனவே நல்ல பக்கத்தையும் அது ஐயத்தோடு தடுக்கும். பொறியின் உள்ளே கடிகாரத்துக்கென இருக்கும் காசு போன்ற 3 வோல்ட் மின்கலம் தீர்ந்திருந்தால், ஆண்டும் தேதியும் பின்னோக்கிப் போய், எல்லாச் சான்றிதழ்களுமே செல்லாதவையாகத் தோன்றும். இணையம் திறக்கவில்லை என்றால் முதலில் தேதியைப் பாருங்கள். குரோம் உலாவியும் 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு விண்டோஸ் 7ஐக் கைவிட்டது.

அப்படியானால் எதைப் போடுவது?

பொறியை எதற்குப் பயன்படுத்தப்போகிறீர்கள் என்று முதலில் முடிவுசெய்யுங்கள்.

பழைய கோப்புகளைத் திறக்கவேண்டும் என்பது தேவையானால் பழைய விண்டோஸுக்கு நியாயம் உண்டு. தமிழ் அச்சகங்களில் பல ஆண்டுகள் பேஜ்மேக்கர் நிரல்தான் ஆட்சி செய்தது. யூனிகோடு பரவுமுன் ஒவ்வோர் எழுத்துரு நிறுவனமும் தன் விருப்பப்படி தமிழ் எழுத்துகளை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் அமர்த்தியிருந்தது. அந்த எழுத்துரு இல்லாத பொறியில் அக்கோப்பைத் திறந்தால், திருமண அழைப்பிதழும் ஊர்க்கோயில் மலரும் பொருளற்ற ஆங்கிலக் குறிகளாகத் தோன்றும். தமிழக அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. அதற்கு முந்தைய கோப்புகள் இன்னும் எத்தனையோ தட்டுகளில் கிடக்கின்றன. அவற்றை மீட்டு யூனிகோடுக்கு மாற்ற அந்தக் காலத்து முறைமையும் நிரலும் எழுத்துருவும் கொண்ட ஒரு பொறி பெரிய உதவி. அதுபோலவே, பழைய ஆய்வுக்கூடக் கருவிகள் சில பழைய விண்டோஸோடு மட்டுமே பேசும். இத்தகைய பொறியை இணையத்தோடு இணைக்காமல் தனித்து வையுங்கள். கோப்புகளை எடுத்துச்செல்ல ஒரு பென்டிரைவை மட்டும் ஒதுக்கி, ஒவ்வொரு முறையும் புதிய பொறியில் நச்சுநிரல் சோதனை செய்யுங்கள்.

வீட்டுப் பிள்ளை இணையத்தில் படிக்கவும் எழுதவும் என்றால், அதே பழைய பொறியில் புதிய லினக்ஸ் போடுவது மேல். சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கி 2007இல் வெளியிட்ட 'பாஸ்' என்னும் இந்திய லினக்ஸ் தமிழிலும் இயங்குவது. இது டெபியன் என்னும் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. டெபியனையே நேராக எடுத்து, எக்ஸ்.எஃப்.சி.இ. போன்ற எளிய திரைமுகப்போடு நிறுவினால் 2 ஜி.பி. நினைவகமுள்ள பொறியும் ஓரளவு சுறுசுறுப்பாக நடமாடும். உரிம எண் கேட்காது. ஒட்டுகள் தொடர்ந்து வரும். பென்டிரைவ் செய்யும் முறையும் பூட் பட்டியலும் மேலே சொன்னவைதாம். நிறுவுமுன் பென்டிரைவிலிருந்தே இயக்கி, வைஃபை, ஒலி, திரை யாவும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். விண்டோஸ் நிறுவலில் இந்த வசதி இல்லை.

கையில் பணமிருந்தால் இன்னொன்றும் செய்யலாம். சுழலும் வன்தட்டைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. எனப்படும் சில்லுத் தட்டைப் பொருத்தினால், பழைய பொறி விரைவு கொள்வதைக் கண்கூடாகக் காணலாம். பழைய வன்தட்டு அப்படியே தனியே இருப்பதால் அதிலுள்ள கோப்புகளுக்கும் ஆபத்தில்லை. தவறுதலாக அழித்துவிடுவோமோ என்னும் அச்சமின்றிப் பிள்ளைகள் நிறுவிப் பழகலாம்.

அலமாரியிலுள்ள பொறியை இந்த விடுமுறையில் இறக்குங்கள். மேலே சொன்ன வரிசையில் முதல் படியை மட்டும், அதாவது கோப்புகளைக் காப்பாற்றுவதை, பெரியவர் ஒருவர் உடனிருந்து முடிக்கட்டும். மற்றப் படிகளைப் பள்ளி செல்லும் பிள்ளையிடம் விட்டுவிடலாம். பொறி எங்கே நின்றது, அந்த இடத்தில் எது எதனிடம் பொறுப்பை ஒப்படைத்திருக்கவேண்டும் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டே போகச் சொல்லுங்கள். இரண்டு மூன்று முறை தவறும். நான்காம் முறை எழும்போது, கணிப்பொறி எப்படி எழுகிறது என்பதை அந்தப் பிள்ளை எந்தப் பாடப்புத்தகமும் இன்றிக் கற்றிருக்கும்.